‘நீங்களே பேப்பர் போட்டுடுங்க’ என்றால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். குறிப்பாக, ரேட்டிங் திடீரென இறங்கியவர்கள், புராஜெக்ட் தராமல் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்கள், விஷயம் என்னவென்று சொல்லாமல் ஹெச்.ஆரிடமிருந்து மீட்டிங் அழைப்பு வந்திருப்பவர்கள். என்னை ராஜினாமா செய்யச் சொல்லி நெருக்கிய கம்பெனியின் பெயரைப் போடவில்லை. வேறு கம்பெனிகளில் இருக்கும் நண்பர்களும் இதே கதையை வசனம் மாறாமல் சொல்கிறார்கள், அதனால் ஒரு பெயரைப் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

2023ல் நடந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். ஐந்து வருஷம் முடிய மூன்று மாதம் பாக்கி. கிளையன்ட் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை, டீமில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மொபைலை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னபோதே விஷயம் புரிந்துவிட்டது. மேனேஜர், ஹெச்.ஆர். மேடம், கடைசிவரை யாரென்று சொல்லாத இன்னொருவர்.

“உங்க ரோல் இப்ப இல்ல. நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெண்டு மாச சம்பளம் தனியா தர்றோம், ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும். இல்லன்னா டெர்மினேட் பண்ண வேண்டியிருக்கும். அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் செக்ல மாட்டிக்குவீங்க.”

“சரி மேடம், இதையே மெயில்ல போட்டுடுங்க. வீட்ல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்.”

“மெயில்லாம் கிடையாது. இந்த ஆஃபர் இன்னைக்கு ஆறு மணி வரைக்கும்தான்.”

ஆடித் தள்ளுபடிக்கே ஒரு மாதம் தருகிறார்கள்.

மேனேஜர் அதுவரை வாயே திறக்கவில்லை. போர்ட்டலில் ராஜினாமா பக்கத்தைத் திறந்து, ‘சொந்தக் காரணம்’ என்பதைத் தேர்வு செய்து வைத்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ஒரு பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. நான் அழுத்தவில்லை. எழுந்து வந்து, அன்று ஆபீஸ் மெயில் முடக்கப்படுவதற்குள், அறையில் என்ன பேசினார்கள் என்பதை வரிசையாக எழுதி மூவருக்கும் அனுப்பினேன், என் சொந்த ஜிமெயிலையும் சிசியில் போட்டு. ‘ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை, வேலை கொடுத்தால் பார்க்கத் தயார்’ என்பதுதான் கடைசி வரி. பின்னால் எனக்கு மிகவும் உதவியது அந்த வரிதான்.

எனக்கு முன்னால் உள்ளே போன நண்பர் பட்டனை அழுத்திவிட்டார். வீட்டுக் கடன், கைக்குழந்தை, அறையில் மூன்று பேர். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவருக்கு வந்த எஃப் அண்ட் எஃப், அதாவது வேலையை விடும்போது தரும் இறுதிக் கணக்கைப் பாருங்கள். இரண்டு மாதச் சம்பளம் என்ற பேச்சே அதில் இல்லை. ‘அப்படி ஒரு பாலிசி நம்மிடம் கிடையாது’ என்று பதில். அதைவிட மோசம், 90 நாள் நோட்டீஸ் பீரியடை முழுதாக முடிக்காமல் போனதற்காக மீதி நாட்களுக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றே போ என்று அனுப்பியதும் அவர்கள்தான், ஏன் இன்றே போனாய் என்று பணம் பிடித்ததும் அவர்கள்தான். விடுப்புக்கு வர வேண்டிய தொகையும் அதில் கரைந்துபோனது.

இவர்கள் ஏன் ராஜினாமாவுக்கு இவ்வளவு அலைகிறார்கள்? ஆட்குறைப்பு என்று அவர்களே எழுதிக் கொடுத்தால் கணக்கு வேறு. தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவுப்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் 15 நாள் கணக்கு அதிலும் இருக்கிறது. ‘ஐடிக்கு இதெல்லாம் பொருந்தாது’ என்று அறையில் அடித்துச் சொன்னார்கள். ஐடி ஊழியர்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு, அவர்கள் சங்கமும் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. இது தவிர, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 41ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது, நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது உதவாது, எங்களைப் போன்றவர்களுக்கு உதவும். நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் இத்தனைக்கும் அவர்களிடம் ஒரே பதில்தான்: ‘நாங்கள் நீக்கவில்லையே, அவராகத்தானே போனார்.’

எனக்குச் சில நாட்களில் நீக்கக் கடிதம் வந்தது, ஒரு மாதச் சம்பளத்தோடு. காரணம் ‘பணியிடம் தேவையில்லை’. நடத்தை பற்றியோ திறமை பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் செக்கில் அதைத்தான் காட்டினேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மிரட்டலில் அவ்வளவுதான் சரக்கு.

கிராஜுவிட்டியில்தான், அதாவது பணிக்கொடையில்தான், உண்மையான இழுபறி. ‘ஐந்து வருஷம் முடியல, தர முடியாது’ என்று ஒற்றை வரியில் மெயில். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு வருஷமாகவே கணக்காகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1990களிலேயே மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லிவிட்டது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனம் என்றால் சட்டம் கேட்பதே 190 நாள்தான். அப்போது கணக்கு இப்படி: கடைசி மாத பேசிக் (அடிப்படைச் சம்பளம்), அதோடு டிஏ (அகவிலைப்படி) இருந்தால் அதுவும், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் வருஷம். பேசிக் 40,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு 1,15,385 ரூபாய். விட்டுவிட்டுப் போகிற தொகையா அது?

கிராஜுவிட்டி கேட்கும் விண்ணப்பமான ஃபார்ம் ‘I’ஐ நிரப்பி, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினேன். 30 நாளுக்குள் தர வேண்டும், தரவில்லை. தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் மாநிலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போனால், பல மாநிலங்களில் கிளை இருக்கிற கம்பெனிக்கு மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அலுவலகம், சாஸ்திரி பவனுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே ஃபார்ம் ‘N’ என்ற புகார் மனுவைக் கொடுத்தேன். வக்கீல் வைக்கவில்லை. கம்பெனிக்கு நோட்டீஸ் போனது, விசாரணை தேதி வருவதற்குள் பணம் வங்கியில் விழுந்துவிட்டது. ‘பாலிசிப்படி முடியாது’ என்று எழுதிய அதே மேடத்தின் பெயரில் ‘நல்லெண்ண அடிப்படையில் வழங்குகிறோம்’ என்று கடிதம் வேறு!

சில்லறை விஷயங்கள் மூன்று. சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (வரிப் பிடித்தச் சான்று), அப்ரைசல் கடிதம் எல்லாவற்றையும் இன்றைக்கே உங்கள் சொந்தக் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள், ஆக்சஸ் போன பிறகு கெஞ்ச வேண்டியிருக்கும் (கிளையன்ட் ஃபைல் எதையும் தொட்டுவிடாதீர்கள், அதைச் சாக்காக வைத்தே நீக்குவார்கள்). கம்பெனி மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மா அதில் இருந்தால் வேறு பாலிசிக்கு இப்போதே விசாரியுங்கள். பிஎஃப் கணக்கில் விலகிய தேதியை அவர்கள் போடாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து பிஎஃப்பின் யூஏஎன் போர்ட்டலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. வேலை தேடுகிறேன் என்று லிங்க்ட்இனில் பச்சை வளையம் போட்ட உடனே பணம் வாங்கிக்கொண்டு குறுக்கு வழியில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ‘பேக்டோர்’ ஆட்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். பெரிய கம்பெனி பெயரைச் சொல்லி, ‘ரெண்டு லட்சம் கொடுங்க சார், பாதி இப்ப, பாதி ஆஃபர் லெட்டர் வந்ததும்’ என்பார்கள். லெட்டர் வரும், லோகோவோடு. சேரும் நாளில் வாசல் செக்யூரிட்டிக்கு உங்கள் பெயர் தெரியாது. அப்படி யாராவது பேசினால் பணம் அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.