ஹை பீமோடு ஃபாக் லைட்டும் எரிய எந்த ஒயரிங் வழி சரி?

ஹை பீம் போட்டதும் ஃபாக் லைட் அணைவது பழுது அல்ல, பல வண்டிகளில் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் கிட்டத்திலேயே வெளிச்சம் கொட்டினால் கண் அதற்குப் பழகிவிடும், தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். நேர்சாலைக்கு இந்த ஏற்பாடு நல்லதுதான். வளைவுகள் நிறைந்த சாலையில் ஓரமும் திருப்பமும் தெரிய வேண்டுமானால் இரண்டும் சேர்ந்து எரிவதில் பயன் உண்டு. பனிமூட்டத்துக்காக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே ஹை பீமே கூடாது. நீர்த்துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும்.

எந்த வழியானாலும் நான் முதலில் பார்ப்பது, ஃபாக் லைட்டைத் தனியே அணைக்க முடிகிறதா என்பதைத்தான். வண்டி விளக்குகளுக்கான ஐ.நா.வின் 48-ஆம் ஒழுங்குமுறையும் முன்பக்க ஃபாக் லைட்டைத் தனியாகப் போடவும் அணைக்கவும் முடிய வேண்டும் என்கிறது. ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சாதனம்) கழற்றிவிட்டு, அதன் 30, 87 என்ற இரண்டு முனைகளின் இடத்தையும் துண்டு ஒயரால் இணைக்கும் குறுக்குவழி இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது, ஸ்விட்சால் அணைக்கவே முடியாது.

பழைய ஒயரிங் உள்ள சில வண்டிகளில் ரிலேயை இயக்கும் காயிலின் (கம்பிச்சுருளின்) எர்த், ஹை பீம் பல்பின் இழை வழியாகப் போகும். ஹை பீமுக்கு 12 வோல்ட் வந்ததும் காயிலின் இரு முனையிலும் ஒரே அழுத்தம் ஆகிவிடும், ரிலே விட்டுவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு! உங்கள் வண்டியில் இப்படி இருந்தால் அதிர்ஷ்டம்தான். அந்த எர்த் ஒயரைப் பிரித்து வண்டியின் உலோக பாடியில் கொடுத்தால் போதும், ஸ்விட்ச் பழையபடியே வேலை செய்யும். இருப்பதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஸ்விட்சுக்கு லோ பீமிலிருந்து மின்சாரம் வரும் வண்டியில் இது நடக்காது. அங்கே ஹை பீம் ஒயரிலிருந்தும் ஸ்விட்சுக்கு ஒரு இணைப்பு கொடுக்க வேண்டும், இரண்டு ஒயரிலும் ஆளுக்கொரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போட்டு. டயோடு இல்லாவிட்டால் லோ பீம் மின்சாரம் பின்வழியாக ஹை பீமுக்குள் ஏறிவிடும். காயில் இழுப்பது அரை ஆம்பியர்கூட இருக்காது என்பதால் ஒரு ஆம்பியர் டயோடே தாராளம். கோடு போட்ட முனை ஸ்விட்ச் பக்கம் இருக்கட்டும். ஸ்விட்சைத் தாண்டி நேரே ரிலேக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அப்புறம் ஹை பீம் போடும்போதெல்லாம், நீங்கள் கேட்காமலே, ஃபாக் லைட்டும் எரியும். டயோடு வேண்டாம் என்றால் பார்க்கிங் லைட்டிலிருந்து ஸ்விட்சுக்கு எடுப்பது இன்னும் எளிது. பார்க்கிங் லைட் மட்டும் எரியும்போதும் ஃபாக் லைட் போட முடியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தனி ரிலே, தனி ஸ்விட்ச், பேட்டரியிலிருந்து நேர் ஒயர்: ஃபாக் லைட்டே இல்லாத வண்டிக்கு இதுதான் வழி, இருக்கும் வண்டிக்கு வீண்வேலை. 55 வாட் பல்பு இரண்டு என்றால் சுமார் 9 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், காயிலுக்கு இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் மின்சாரத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் மறந்து விட்டுப்போன இரவில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து மணி நேரத்துக்குள் காலி.

புதிய வண்டிகளில் விளக்குகளை ஒரு கன்ட்ரோல் மாட்யூல், அதாவது சிறு கணினி, நடத்துகிறது. அங்கே ஒயரை வெட்டினால் பல்பு போய்விட்டதாக எச்சரிக்கை எரியலாம். ஓபிடி சாக்கெட் (பழுது பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) வழியாக மாட்யூலின் அமைப்பை மாற்ற உங்கள் மாடல் இடம் கொடுத்தால் அதை மட்டும் செய்யுங்கள், பழைய அமைப்பை முதலில் சேமித்து வைத்துக்கொண்டு. இடம் கொடுக்காவிட்டால் அந்த வண்டியை அப்படியே விட்டுவிடுவேன்.