பின்னறை ஈரத்துக்கு எது சரி: எக்ஸாஸ்ட் ஃபேனா, ஏர்கோனா, டீஹியூமிடிபையரா?

செப்டம்பர், அக்டோபர் மழையில் எங்கள் பினாங்கு வரிசை வீட்டில் சாமான் வைக்கும் பின்னறை நமுத்துப் போய்விடும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஒரே ஒரு ஜன்னல். தீபாவளிக்கு அலமாரியைத் திறந்தால் பட்டுச்சேலையில் பூசணம்.

"ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கண்ணா, காத்து வரட்டும்" என்றாள் டொராண்டோவில் இருக்கும் தங்கை. அவள் ஊர்க் குளிர்காலத்துக்கு அது சரி. வெளிக்காற்றில் நீராவி மிகக் குறைவு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அதைச் சூடேற்றி பேஸ்மெண்டுக்கு (நிலவறைக்கு) அனுப்பும்போது உதடு வெடிக்கிற அளவுக்கு வறண்டிருக்கும். இங்கே கணக்கு தலைகீழ். மதியம் வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று 27 டிகிரி பின்னறைக்குள் வந்து குளிர்ந்தால் ஈரப்பதம் 90ஐத் தாண்டிவிடும். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்துக்கு ஈரமான வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். குளியலறை, சமையல்கட்டு ஆவிக்கு அதைவிட மலிவான வழி இல்லை. சேலை அலமாரிக்கு ஆகாது.

ஏர்கோன் ஈரத்தை எடுக்கும், சந்தேகமில்லை. வெளியே சொட்டும் தண்ணீரே சாட்சி. ஆனால் ஆள் புழங்காத சின்ன அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும். உடனே கம்ப்ரசர் ஓய்ந்துவிடும், ஈரம் எடுப்பதும் நின்றுவிடும். 'டிரை' பட்டன் கொஞ்சம் உதவும். அணைத்த பிறகுதான் வம்பு: 23 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரில் வெளிக்காற்று பட்டால் வியர்த்துக் கொட்டும். படுக்கையறைக்கு ஏர்கோன்தான், சாமான் அறைக்கு அது வீண் செலவு.

என் ஓட்டு டீஹியூமிடிபையருக்கு, அதாவது காற்றின் ஈரத்தைத் தண்ணீராகப் பிடித்து டேங்கில் சேர்க்கும் மெஷினுக்கு. கதவை மூடி, 60 சதவீதத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. பலர் குறை சொல்வது அறை சூடாகிறது என்று. உண்மைதான். ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்தால் சுமார் 0.7 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் அறைக்குள் இறங்கும், மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் சூடு தனி. அந்தச் சூடும் ஈரப்பதத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. பேஸ்மெண்டில் ஃபர்னஸ் செய்வதும் அதுதானே! ஆள் படுக்கும் அறைக்கு மட்டும் வேண்டாம், புழுங்கிவிடும். பெட்டியில் ஒரு நாளைக்கு '12 லிட்டர்' தண்ணீர் எடுக்கும் என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. அறை காயக் காய அதில் பாதிதான் தேறும்.

அலமாரிக்குள் தொங்கவிடும், ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா அலமாரியோடு சரி. அதில் சேரும் தண்ணீர் கொட்டினால் தோல் செருப்பு காலி.

எதையும் வாங்குமுன் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் ஈரம் கோத்தால் தண்ணீர் தரையிலிருந்து வருகிறது, எந்த மெஷினும் தீர்க்காது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். மேலே கோத்தால் காற்றின் ஈரம். எங்களுக்கு மேலேதான் கோத்தது. இப்போது காலையில் டேங்க் தண்ணீரைக் கொண்டுபோய் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது என் வேலை.