பழைய டாட் மேட்ரிக்ஸ், புதிய கணினி: கேபிளா, கார்டா?

கார்பன் வைத்து மூன்று படி பில் எடுக்க இன்றும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் வேண்டும். இங்க்ஜெட்டும் லேசரும் தாளை அடிப்பதில்லை, அதனால் கார்பனுக்கு அடியில் இருக்கும் படியில் எதுவும் பதியாது. ஆனால் பழைய பிரிண்டரின் கேபிளைச் செருகும் 25 முனை பேரலல் போர்ட் புதிய கணினியில் பெரும்பாலும் இருப்பதில்லையே! வழி இரண்டு.

முதலாவது, யூஎஸ்பி-பேரலல் கேபிள். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை பிரிண்டரின் 36 முனை சாக்கெட்டில். விலை குறைவு, லேப்டாப்பிலும் வேலை செய்யும். விண்டோஸ் இதை யூஎஸ்பி001 என்ற போர்ட்டாகத்தான் பார்க்கும். எல்பிடி1-க்கு (பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் தரும் பெயர்) நேராக அனுப்பும் பழைய பில்லிங் மென்பொருள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். விண்டோஸில் பிரிண்டரைப் பகிர்ந்து (ஷேர் செய்து), நெட் யூஸ் (net use) கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்பிவிட்டால் சரியாகும். ஆனால் கடையில் கூட்டம் நிற்கும்போது இந்த இணைப்பு அறுந்தால் பாவம், பில் போடுபவர் என்ன செய்வார்?

இரண்டாவது, கணினிக்குள் மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு. டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான். நிஜமான போர்ட் கிடைக்கும். எல்பிடி3 என்று வந்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் எல்பிடி1 ஆக்கலாம்.

லேப்டாப் என்றால் கேபிள்தான். தினமும் பில் போடும் கடைக்கு நான் கார்டையே சொல்வேன். கேபினெட் ஒல்லியானதா என்று பார்த்து, ஆமென்றால் கார்டைப் பொருத்தும் உலோகப் பட்டை குட்டையாக உள்ளதை வாங்குங்கள்.