ஒரு பெரிய சப்வூஃபரா, இரண்டு நடுத்தரமா?

ஹோம் தியேட்டரில் பாஸ் (அடித்தொனி) போதவில்லை என்றதும் பலர் 12 அங்குல சப்வூஃபரை, அதாவது பாஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியைக் கொடுத்துவிட்டு 15 அங்குலம் வாங்கப் பார்க்கிறார்கள். பல சமயம் ஏறத்தாழ அதே செலவில், இருக்கும் 12 அங்குலத்துக்கு ஜோடியாக இன்னொன்றை வாங்கிவிடலாம். எதைச் செய்வது என்பதற்கான விடை அறையின் நீள அகலத்திலும், அங்கே எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. டிரைவரின் (ஒலி எழுப்பும் கூம்பின்) விட்டம் அதற்கப்புறம்தான்.

கணக்குக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடும். அதை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 34 ஹெர்ட்ஸ். அதேபோல் அகலத்துக்கு 43, உயரத்துக்கு 61. இந்த அதிர்வெண்களில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நிலையலை (சில இடங்களில் உரக்கவும் சில இடங்களில் மறைந்தும் நிற்கும் அலை) உருவாகும். 34 ஹெர்ட்ஸ் சுவரோரம் உட்கார்ந்தவருக்கு நெஞ்சை இடிக்கும். நீளவாட்டில் சரியாக நடுவில் இருப்பவருக்கு அநேகமாகக் கேட்கவே கேட்காது. அதன் இரண்டாவது அலை 69 ஹெர்ட்ஸில் வரும். அது நடுவில் உரக்கக் கேட்கும், முன்சுவரிலிருந்தோ பின்சுவரிலிருந்தோ 1.25 மீட்டர் தள்ளி மறையும். ஆக, சப்வூஃபர் வேலை செய்யும் 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பெட்டியைவிட அறையின் ஆதிக்கம்தான் அதிகம்.

சத்தத்தில் யார் கை ஓங்குகிறது?

15 அங்குலக் கூம்பின் பரப்பு 12 அங்குலத்தைப்போல சுமார் 1.56 மடங்கு. இரண்டு 12 அங்குலம் சேர்ந்தால் 2 மடங்கு. கூம்பு முன்பின்னாக நகரும் தூரம் சமம் என்றால், ஜோடிதான் அதிகக் காற்றைத் தள்ளும். ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்தால் 6 டெசிபல் கூடும். அறையின் வெவ்வேறு இடங்களில் வைத்தால் அதிர்வெண்ணைப் பொறுத்து இந்த லாபம் மாறும், பொதுவாக 6-க்குக் குறைவாகவே நிற்கும்.

15 அங்குலம் ஜெயிக்கும் இடமும் உண்டு. அதே சத்தத்தை ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது 40 ஹெர்ட்ஸுக்குப் பதில் 20-இல் தர வேண்டுமானால், நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸ் சுற்றில் டியூன் செய்த பெரிய போர்ட்டட் (காற்றுத் துளை வைத்த) பெட்டி இதைச் செய்யும். சின்ன சீல்டு (முழுக்க மூடிய) பெட்டிகள் இரண்டு சேர்ந்தாலும் அங்கே மூச்சு வாங்கலாம். படத்தில் வரும் வெடிச்சத்தத்தின் அடி அதிர்வுதான் முக்கியம், பார்ப்பவர் ஒருவர், அவர் உட்காருவதும் ஒரே நாற்காலியில் என்றால் ஒற்றைப் பெரிய பெட்டியே சரியான தேர்வு. பெட்டியின் இடத்தை அந்த ஒரு காதுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்துவிடலாம்.

அதற்கான பழைய வழி இன்றும் பலிக்கும். சப்வூஃபரை நாற்காலியின் மேல், காது உயரத்துக்குக் கிட்டத்தில் வைத்து, 20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனை ஓட விட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். மிக உரக்கக் கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிழை. அந்த இடம் அநேகமாக மூலையாகவே இருக்கும்.

எல்லா இருக்கைக்கும் ஒரே பாஸ் வேண்டுமென்றால்

சோபாவில் மூன்று பேர் உட்கார்கிறார்கள் என்றதும் நிலைமை மாறிவிடுகிறது. மேற்படி அறையில் ஒற்றை சப்வூஃபர் முன்மூலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலை எல்லா நிலையலைகளையும் முழு வீச்சில் கிளப்பும். சோபாவின் நடுவில் இருப்பவர் அகலத்தின் நடுக்கோட்டில் இருப்பதால் 43 ஹெர்ட்ஸ் அலை அவரைத் தொடாது. இரு ஓரங்களிலும் இருப்பவர்களை அது நன்றாகவே தாக்கும். நடு இருக்கைக்காக 43-ஐ ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) ஏற்றினால் ஓரத்தில் இருப்பவர்களுக்குக் காது அடைக்கும். 15 அங்குலம் என்ன, 18 அங்குலமே போட்டாலும் இந்த ஏற்றத்தாழ்வு குறையாது. இன்னும் உரக்கக் கேட்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது பெட்டியின் உண்மையான பயன் இங்கேதான். அதை எங்கே வைப்பது என்பதில் நான்கு வழிகள் போட்டி போடுகின்றன.

இரண்டு முன்மூலைகள்: சத்தம் மிக அதிகம். அகலவாட்டு அலையின் இடமும் வலமும் எதிரெதிர் முனைகள் என்பதால், ஒரே சிக்னல் பெறும் இரு பெட்டிகளும் 43 ஹெர்ட்ஸ் அலையை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். வரிசையில் இருக்கும் மூவருக்கும் பாஸ் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். நீளவாட்டு அலைகளை மட்டும் இந்த வைப்பு குறைக்கவே குறைக்காது.

முன்சுவரின் கால்பங்குப் புள்ளிகள்: நான்கு மீட்டர் சுவரில் இடமிருந்து 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும். 43 ஹெர்ட்ஸ் இங்கேயும் ரத்தாகும். அகலத்தின் இரண்டாவது அலையான 86 ஹெர்ட்ஸுக்கு அந்தப் புள்ளிகள் சூனிய இடங்கள் (அலை மறையும் இடங்கள்) என்பதால் அதுவும் எழாது. பார்வைக்கும் உறுத்தாது, டிவி ஸ்டாண்டுக்கு இருபுறமும் பொருந்திவிடும். இரண்டாம் சப்வூஃபர் வாங்கியவர் வயர் இழுக்கத் தயங்கினால் மூலைகளை விட்டு இங்கே வரலாம்.

முன்சுவர் நடுவும் பின்சுவர் நடுவும்: எல்லா இருக்கைக்கும் பாஸ் சமமாகப் பரவ இதுவே மேல். நீளவாட்டு 34 ஹெர்ட்ஸ் முன்னும் பின்னுமாக ரத்தாகும். அகலத்தின் நடுவில் இருப்பதால் 43-ஐ எந்தப் பெட்டியும் கிளப்பாது. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு சுட்டியதும் இதைத்தான்: நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது சிறப்பு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே கிட்டத்தட்ட அந்தப் பலன் வந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. 34 ஹெர்ட்ஸை அறை தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது நின்றுபோவதால், மூலையோடு ஒப்பிட்டால் மொத்தச் சத்தம் குறையும். 69 ஹெர்ட்ஸும் மிஞ்சியிருக்கும். ஆகவே பின்சுவரிலிருந்து 1.25 மீட்டரில் சோபாவைப் போட்டுவிடக் கூடாது. முன்சுவரிலிருந்து 3.2 மீட்டர் அளவில் போட்டால் 34-ம் 69-ம் இரண்டுமே உச்சத்திலும் இராது, சூனியத்திலும் இராது.

முன்னால் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் ஒட்டியபடி ஒன்று: இருக்கைக்கு மிக அருகில் இருக்கும் பெட்டியின் நேரடி ஒலி அறையின் ஒலியை முந்திக்கொள்ளும், குறைந்த வால்யூமிலேயே உடலில் அதிர்வு தெரியும். ஆனால் கிராஸ்ஓவர் (பாஸை சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லை) 80 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஆணின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல இருக்கும். பாஸ் எங்கிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடிக்கத் தொடங்குவது ஏறக்குறைய அந்த எல்லையில்தான்.

சுவரின் தன்மையும் கணக்கில் வரும். செங்கல், கான்கிரீட் சுவர்கள் பாஸை அப்படியே திருப்பி அனுப்புவதால் அலைகள் கூர்மையாக நிற்கும். ஜிப்சம் பலகைச் சுவர் கொஞ்சம் அதிர்ந்து, அந்த ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

சீல்டும் போர்ட்டட்டும்

சீல்டு பெட்டியின் ஒலி கீழ்ப்பகுதியில் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் சரியும். போர்ட்டட் டியூனிங் புள்ளி வரை தாங்கிப் பிடிக்கும், அதற்குக் கீழே 24 டெசிபல் வீதம் மடமடவென்று விழும். மூடிய சின்ன அறையில் மிகக் கீழான சுரங்களை அறையே ஏற்றிக் கொடுக்கும். அந்த ஏற்றம் சீல்டின் சரிவை ஓரளவு ஈடு செய்துவிடுவதால் அத்தகைய அறைக்குச் சீல்டு ஜோடி நன்றாகப் பொருந்தும். ஹாலும் சமையலறையும் கதவில்லாமல் ஒன்றாகத் திறந்திருந்தால் அந்த உதவி கிடைக்காது, அங்கே போர்ட்டட்தான். டியூனிங் புள்ளிக்குக் கீழே போர்ட்டட் டிரைவருக்குக் காற்றின் பிடிமானம் போய்விடும். உள்ளே ஹை-பாஸ் ஃபில்டர் (மிகக் கீழான சுரங்களைத் தடுக்கும் வடிகட்டி) இல்லாத மாடலில் கூம்பு எல்லை மீறி அடிபடும். போர்ட்டிலிருந்து புஸ்ஸென்று காற்று இரைந்தால் வால்யூம் அந்தப் பெட்டியின் திறனைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

ஒரு சீல்டு, ஒரு போர்ட்டட் என்று கலக்காதீர்கள். டியூனிங் புள்ளியை ஒட்டி இரண்டின் ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் நேரமும்) வெவ்வேறாகத் திரும்புவதால் ஒன்று தள்ளுவதை மற்றது இழுக்கும்.

ரிசீவரில் இரண்டு வழி

ரிசீவரில் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில்) முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று வைப்பதா, 'ஸ்மால்' என்று வைப்பதா? டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஸ்மால் என்றால் மனம் ஒப்பாது. அந்தப் பெயர் ஸ்பீக்கரின் உருவத்தைச் சொல்வதில்லை. அதன் பாஸை சப்வூஃபருக்கு அனுப்பலாமா என்பதை மட்டுமே சொல்கிறது. டவர்கள் நிற்கும் இடம் ஸ்டீரியோவுக்காகத் தேர்ந்தெடுத்தது. பாஸுக்கு நல்ல இடத்தில் இருப்பவை சப்வூஃபர்கள். ஆகவே எல்லாவற்றையும் ஸ்மால் ஆக்கி, 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் வைப்பதே பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும். சின்ன சாட்டிலைட் ஸ்பீக்கர்களுக்கு 100 அல்லது 120 தேவைப்படும். எல்எஃப்இ என்பது படத்தின் ஒலியில் பாஸுக்கென்றே இருக்கும் தனிச் சேனல். 'எல்எஃப்இ பிளஸ் மெயின்' என்ற தேர்வு ஒரே பாஸை சப்வூஃபர், முன் ஸ்பீக்கர் என இரண்டு இடத்திலிருந்து விடும். சத்தம் கூடினதுபோல் தோன்றும், சுரங்கள் குழம்பும். கிராஸ்ஓவர் வேறு, எல்எஃப்இ சேனலின் லோ-பாஸ் (மேல் அதிர்வெண்களை வெட்டும் எல்லை) வேறு. பின்னதை 120-லேயே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்தச் சேனலின் உள்ளடக்கம் 120 ஹெர்ட்ஸ் வரை போகும். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட வேண்டும், அல்லது எல்எஃப்இ இன்புட்டில் வயரைச் செருக வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஃபில்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து 80-ஐச் சுற்றிப் பள்ளம் விழும்.

அந்தப் பள்ளத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். முன் ஸ்பீக்கர் பின்னாலிருக்கும் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸில் நேரொலியை அழிக்கும். ஸ்பீக்கரை 50 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் அழிவு 170-ஐ ஒட்டி மேலே போய்விடும். 80-இல் சப்வூஃபரோடு சேருமிடம் சுத்தமாகும்.

ஆட்டோ காலிபரேஷனை எவ்வளவு நம்பலாம்?

ரிசீவரோடு வரும் மைக்கில் அளந்து, அமைப்புகளை ரிசீவரையே போட விடுவது வேகமான வழி. லெவலும் ஸ்பீக்கர் தூரமும் பெரும்பாலும் சரியாக வரும். சப்வூஃபர் தூரம் டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டினால் திருத்திவிடக் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் டிஜிட்டல் சர்க்யூட் எடுக்கும் தாமதமும் அதில் அடக்கம். 1 மில்லிநொடி என்றால் 34 சென்டிமீட்டர்.

முன்னும் பின்னுமாக இரண்டு சப்வூஃபர் வைத்தவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு சிக்கல். தனித்தனித் தூரம் அமைக்கும் ரிசீவர் இரண்டு பெட்டிகளின் ஒலியும் இருக்கைக்கு ஒரே நேரத்தில் வரும்படி ஒன்றைத் தாமதிக்கும். நம் அறையில் சோபா 3.2 மீட்டரில் இருந்தால் வித்தியாசம் 1.4 மீட்டர், ஏறத்தாழ 4 மில்லிநொடி. 34 ஹெர்ட்ஸில் அது 50 டிகிரி ஃபேஸ் விலகல். எதிர்ச்சுவர் வைப்பின் அடிப்படையே இரண்டும் ஒரே கணத்தில் தள்ளுவதுதான். இந்த விலகலோடு 34 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் திரும்ப எழுந்துவிடும். இரண்டுக்கும் ஒரே தூரத்தைக் கையால் போட்டுவிட்டு, இரு பெட்டிகளின் கெயினையும் (ஒலி அளவுக் குமிழையும்) சமமாக வைத்து, அதற்குப் பிறகு ஈக்யூவை ஓட்டுவது மேல். ஒரே சிக்னலை இரண்டு ஜாக்கில் தரும் ரிசீவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அங்கே அது குறையாக இல்லாமல் அனுகூலமாகிவிடுகிறது.

கையால் அளக்க ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும், யூமிக்-1 போன்ற காலிபரேட் செய்த யுஎஸ்பி மைக்கும் போதும். மைக்கைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (மெல்ல ஏறும் டோன்) எடுத்து, ஸ்மூத்திங் (மேடு பள்ளங்களை மழுப்புவது) போடாமல் பாருங்கள். சப்வூஃபரும் சென்டர் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கும்போது 80-ஐ ஒட்டிப் பள்ளம் தெரிந்தால், சப்வூஃபர் தூரத்தை 30 சென்டிமீட்டர் வீதம் கூட்டிக் குறைத்து, அந்தப் பகுதி மிக உயரும் மதிப்பில் நிறுத்த வேண்டும். மேடுகளை ஈக்யூவில் வெட்டலாம். சூனியத்தால் வந்த பள்ளத்தை நிரப்பப் பார்க்கக் கூடாது: 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு பவர் தர வேண்டும், ஆனால் எதிரொலியும் அதே அளவு கூடிப் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதற்குப் பெட்டியையோ சோபாவையோ நகர்த்துவது ஒன்றே வழி.

காலிபரேஷன் முடிந்ததும் ரிசீவரில் சப்வூஃபர் டிரிம் (லெவல் திருத்தம்) மைனஸ் 12 டெசிபலை முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முட்டினால் பெட்டியின் கெயின் மிக அதிகம். குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மெல்லிய காட்சிகளில் சப்வூஃபர் தானாகத் தூங்கிவிட்டால் ஆட்டோ-ஆனை விட்டு 'ஆன்'-இல் வையுங்கள். இரண்டாவது பெட்டியை இணைத்ததும் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அது கிரவுண்ட் லூப் (எர்த் வழியே கருவிகளுக்கிடையே ஓடும் மின்சுற்று): எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள், அதிலும் போகாவிட்டால் சிக்னல் வயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் பிடுங்கக் கூடாது.