வாழ்நாள் சந்தா என்று மேப் கருவி விற்கிறவர்களிடம் பணம் கட்டுமுன்

சினிமா எடுத்த இடங்களைத் தேடிப் போய் மேப்பில் குறித்து வைக்கிறவர்கள், பழைய தியேட்டர்கள் இருந்த இடங்களைச் சேகரிக்கிறவர்கள், கோயில் கோயிலாகப் போய்க் குறிப்பு எழுதுகிறவர்கள், மலையேறுகிறவர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். ‘உங்கள் மேப்பை ஐந்தே நிமிடத்தில் உருவாக்குங்கள், ஒருமுறை கட்டினால் வாழ்நாள் முழுக்க’ என்று விளம்பரம் செய்கிற ஓர் இணையக் கருவி என்னை ஏமாற்றிவிட்டது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். பல வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த குறிப்புகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேலும் கட்டினால்தான் முழுதாகத் தருவோம் என்றார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

புகார் நிலுவையில் இருப்பதால் கருவியின் பெயரை எழுதவில்லை. எப்படியும் பெயரைவிட அவர்கள் செய்கிற விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். வேறு பெயரில் இதையே செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

என் மேப்பில் இருந்தவை தமிழ்ப் படங்கள் எடுத்த இடங்கள். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி எடுத்த கேத்தி ரயில் நிலையம், ஊட்டி மலை ரயில் பாதையில் அரவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவில் இருக்கிறது. ‘பம்பாய்’ படத்தின் ‘உயிரே’ பாட்டு எடுத்த பேக்கல் கோட்டை, காசர்கோடு பக்கம். ‘காதலிக்க நேரமில்லை’க்கு ஆழியாறு. இந்த அளவு விவரம் யாருக்கும் கிடைக்கும். நான் குறித்து வைத்ததெல்லாம் அதற்கு அடுத்த கட்டம்: கேமரா எந்தப் பக்கம் நின்றிருக்கும், அந்தச் சுவர் இன்னும் இருக்கிறதா, எந்த மாதம் போனால் வெளிச்சம் அப்படி விழும், அங்கே உள்ளே விடுவார்களா, யாரிடம் கேட்க வேண்டும். கேத்தியில் நடைமேடையின் எந்த முனையில் நின்று பார்த்தால் திரையில் பார்த்த வளைவு கண்ணில் படும் என்பது வரை குறித்திருந்தேன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பின்னால் தெரிகிற மலை வரிசையை வைத்துக் கண்டுபிடித்தவை நிறைய.

இதற்கு முன்பு கூகுள் மை மேப்ஸில்தான் வைத்திருந்தேன். அது இலவசம், நம்பகமானது. ஆனால் பத்து அடுக்குகளுக்கு மேல் போட முடியாது. எனக்குப் பத்தாண்டு வாரியாகவும் வேண்டும், மாவட்டம் வாரியாகவும் வேண்டும். இந்தக் கருவியில் வருடத்தை இழுத்துப் பார்க்கிற ஒரு பட்டை இருந்தது. 1960-இலிருந்து இன்று வரை இழுத்தால் இடங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். ஸ்டுடியோவை விட்டு கேமரா வெளியே வந்ததை அப்படியே கண்ணால் பார்க்கலாம். அதற்காகத்தான் வாழ்நாள் சந்தா என்று ஆறாயிரம் சொச்சம் கட்டினேன். ‘எப்போது வேண்டுமானாலும் உங்கள் தரவை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம்’ என்று விலைப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

முதல் அடி 2024 பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்தபோது விழுந்தது. 2006-இல் கொடைக்கானலில் குகைப் பள்ளத்துக்குள் விழுந்த நண்பரை மீட்டதை வைத்து எடுத்த படம். டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த இடம் 1991-இல் ‘குணா’ வந்த பிறகு குணா குகை ஆனது. இந்தப் படம் வந்ததும் ஊரே மறுபடி அதைத் தேட ஆரம்பித்தது. என் மேப்புக்கும் திடீரென்று கூட்டம் வந்தது. இரண்டே நாளில் மேப் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி. ‘இந்த மேப்பின் மாதாந்திரப் பார்வை வரம்பு முடிந்துவிட்டது’ என்று ஒரு வரி, பக்கத்தில் மேல்நிலைத் திட்டத்துக்கு மாறச் சொல்லும் பொத்தான். நான் கட்டியபோது பார்வைக்கு வரம்பு என்று எதுவும் இல்லை. கேட்டதற்கு, என் வாழ்நாள் திட்டம் ‘பழைய திட்டம்’ ஆகிவிட்டது, புதிய வசதிகளும் புதிய வரம்புகளும் அதற்கும் பொருந்தும் என்று பதில் வந்தது. வாழ்நாள் என்று அவர்கள் சொன்னது அந்தத் திட்டத்தின் வாழ்நாளாம்.

சரி, எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று, தரவைக் கோப்பாக இறக்கித் தரும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினேன். சிஎஸ்வி என்கிற அட்டவணைக் கோப்பு ஒன்று வந்தது. திறந்து பார்த்தால் வரிசைகள் சரியாகத்தான் இருந்தன, எண்ணிக்கையும் சரி. அதை வேறொரு மேப்பில் ஏற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. கேத்தி நடைமேடை ரயில் நிலையத்தை விட்டுப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. ஆழியாறில் அணை, விருந்தினர் மாளிகை, பூங்கா என்று தனித்தனியாக வைத்த குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் கிடந்தன.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டே இலக்கம். நான் வைத்தபோது ஆறு இலக்கம் இருந்தது. இதன் அர்த்தம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஐந்து தசம இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். இரண்டு இலக்கமாக வெட்டினால் ஒவ்வொரு படியும் ஒரு கிலோமீட்டருக்கு மேல், அதாவது குறி அரை கிலோமீட்டருக்கும் மேல்கூடத் தள்ளிப்போய் விழலாம். சமவெளியில் அரை கிலோமீட்டர் என்றால் விசாரித்துப் போய்விடலாம். மலையில் அது இன்னொரு சரிவு. சேமித்து வைத்திருப்பதை வெட்டிக் கொடுக்கத் தனியாக ஒரு நிரல் எழுத வேண்டும். தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

அதைவிட மோசம், தமிழில் எழுதிய குறிப்புகள். எல்லாமே கேள்விக்குறிகள். வரி வரியாக, பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி மட்டும். இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது ஐரோப்பிய எழுத்துகள் மாதிரி கன்னாபின்னாவென்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. எழுத்துக் குறியாக்கத்தில் (என்கோடிங்) யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேள்விக்குறி வந்திருந்தால் கோப்பை எழுதும்போதே எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் கோப்பிலிருந்து யாராலும் மீட்க முடியாது.

குணா குகைக்கு நான் எழுதியிருந்த குறிப்பின் முதல் வரி, ‘குகைக்குள் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை, வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.’ அந்த வரி கேள்விக்குறியாகி, குறியும் நகர்ந்து காட்டுக்குள் விழுந்திருந்தது. அந்தக் கோப்பை அப்படியே யாருக்காவது அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. அங்கே விழுந்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு எழுதினேன். மூன்று முறை ஒரே பதில், ஒரே வார்த்தைகளில் வந்தது. நான்காவதாக வந்ததில் உண்மையைச் சொன்னார்கள்: ‘முழுத் துல்லியமும் பன்மொழி எழுத்துகளும் வணிகத் திட்டத்தில் கிடைக்கும்.’ நான் எழுதிய தமிழை எனக்குத் திருப்பித் தர மேலும் ஒரு கட்டணம்!

இதற்கு நடுவில், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கிற யூபிஐ ஆட்டோபே வேலையைக் காட்டியது. வணிகத் திட்டத்தை ‘ஏழு நாள் இலவசமாகப் பார்க்கலாம்’ என்ற பக்கத்தில் ஒரு ரூபாய் கட்டி உறுதி செய்யச் சொன்னார்கள். அந்த ஒரு ரூபாயோடு வருடக் கட்டணத்துக்கான ஒப்புதலும் சேர்ந்து போனது, அதுவும் திரையின் அடியில் வெளிர் எழுத்தில். தொடர் கட்டணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவலும் வந்தது. ஆனால் அதில் இருந்தது இந்தக் கருவியின் பெயர் இல்லை, நான் கேள்விப்பட்டே இராத ஒரு பணப்பட்டுவாடா நிறுவனத்தின் பெயர். மறுநாள் பணம் போய்விட்டது. உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியை இப்போதே திறந்து பாருங்கள். யார் யாருக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்று அங்கே பட்டியல் இருக்கும், தெரியாத பெயர் இருந்தால் அங்கேயே ரத்து செய்யலாம். அதற்கு அந்த நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘எங்கள் உயர்தர வரைபடம்’ என்று அவர்கள் பெருமையடித்துக்கொண்ட பின்னணி மேப்பைப் பெரிதாக்கி எங்கள் தெருவைப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் போகிற முட்டுச் சந்து ஒன்று அதில் இருந்தது. வேறெந்தப் பெரிய மேப்பிலும் அது கிடையாது. அதை, யாரும் திருத்தக்கூடிய பொது மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தவன் நான். 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் பெரும்பாலும் தன்னார்வலர்கள் உருவாக்கியது. அந்தத் தரவை வைத்து வியாபாரம் செய்வது தப்பில்லை, உரிமமே அதை அனுமதிக்கிறது. ஆனால் யாருடைய உழைப்பு என்று மேப்பின் ஓரத்தில் ஒரு வரி போட வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டிருந்தார்கள். ஓரத்தில் அந்தப் பெயர் இல்லாத மேப் கருவியைப் பார்த்தால் முதலில் பின்னணி மேப் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அடுத்தவர் உழைப்பை மறைக்கிறவர்கள் உங்கள் உழைப்பை எப்படி மதிப்பார்கள்?

மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் கைகொடுத்தது. மேப்பில் உங்கள் குறி சரியான இடத்தில் தெரிகிறது என்றால், அந்தத் துல்லியமான எண் பெரும்பாலும் உங்கள் பிரவுசருக்கு வந்திருக்கும். கணினியில் உங்கள் கணக்குக்குள் போய் மேப்பைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். வந்து விழுகிற கோப்புகளில் ஜேசன் (JSON) என்கிற தரவுக் கோப்பு வகையில் பெரிதாக இருப்பதைத் திறந்து பாருங்கள். உங்கள் இடப் பெயர்கள் அதில் இருந்தால் அப்படியே சேமித்துக்கொள்ளுங்கள். என்னுடையவை ஆறு தசம இலக்கத்தோடு, தமிழ் ஓர் எழுத்து பிசகாமல் அதில் இருந்தன. சேமித்த பிறகு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேப் குறிகளை வைக்கிற ஜியோஜேசன் கோப்பிலும் கேஎம்எல் கோப்பிலும் தீர்க்கரேகைதான் முதலில் வரும், அட்சரேகை இரண்டாவது. மாற்றிப் போட்டால் தமிழ்நாட்டு இடங்கள் எல்லாம் வட துருவத்துப் பக்கம் போய் நிற்கும்.

கருவிகள் மூடப்படுவது புதிதில்லை. கூகுளே, புகைப்படங்களை மேப்பில் வைக்கிற பனோரமியோவை 2016-இலும், மேப்பைத் திருத்த விட்ட மேப் மேக்கரை 2017-இலும், அட்டவணைகளை மேப்பாக்கித் தந்த ஃபியூஷன் டேபிள்ஸை 2019 டிசம்பரிலும் மூடியது. எனக்கு வருத்தம்தான். ஆனால் ஃபியூஷன் டேபிள்ஸை மூடுவதாக ஒரு வருடம் முன்னதாகவே சொன்னார்கள், தரவை முழுசாக எடுத்துக்கொள்ள வழியும் விட்டார்கள். என் புகார் இவர்கள் விலையை ஏற்றினார்கள் என்பதும் இல்லை. சர்வருக்குச் செலவு உண்டு, கேட்டுவிட்டு ஏற்றட்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும்போது சிதைத்துக் கொடுக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே எந்த மேப் கருவியானாலும் பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இலவசக் கணக்கிலேயே நான்கைந்து இடங்களைத் தமிழ்க் குறிப்போடு சேருங்கள். இரண்டு குறிகள் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். எக்ஸ்போர்ட் செய்து வேறொரு கருவியில் ஏற்றிப் பாருங்கள். குறிகள் நகராமல், தமிழ் கெடாமல் வந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். எக்ஸ்போர்ட்டே கட்டணத் திட்டத்தில்தான் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். நான் இப்போது யூமேப்புக்கு மாறிவிட்டேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் நடத்துவது, இலவசம், கேஎம்எல், ஜியோஜேசன் எதுவாகவும் முழுசாக இறக்கிக்கொள்ளலாம். வருடப் பட்டை போனது போனதுதான். மாதா மாதம் ஒரு பிரதியை என் கணினியிலும் பென்டிரைவிலும் வைக்கிறேன்.

பண விஷயத்தில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். இப்படிச் சந்தாவில் சிக்க வைப்பதும், ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டுவதும் 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 வகை இணைய ஏமாற்றுகளில் வருகின்றன. புகாரில் அந்த வழிகாட்டு நெறிமுறையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நான் இணைத்தவை: பணம் கட்டிய நாளில் எடுத்த விலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அவர்களின் நான்காவது பதில், வெட்டிய கோப்பும் முழுக் கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம். ஆட்டோபேயில் எடுத்த வருடக் கட்டணம் திரும்பி வந்துவிட்டது. வாழ்நாள் சந்தா என்று வாங்கிய ஆறாயிரம் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பதிவின் கீழே சேர்க்கிறேன். இதே மாதிரி இரண்டு தசம இலக்கக் கோப்பு உங்களுக்கும் வந்திருந்தால் அதை அழித்துவிடாமல் வைத்திருங்கள், 1915-இல் நீங்களும் ஒரு புகார் பதியுங்கள். மேப்பை இன்னும் அங்கே வைத்திருப்பவர்கள் எஃப்12 வழியை இன்றைக்கே செய்துவிடுங்கள், கணக்கை மூடுவதெல்லாம் அதற்குப் பிறகு.