சாரல் ரோட்டில் 1,100 கிலோமீட்டர்: இந்த ஷூவை வாங்கலாமா?

போன வாரம் தென்காசியிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நீங்க போட்டு ஓடுற ஷூ இப்ப 5,999க்கு வந்துருச்சு, வாங்கட்டுமா?" நான் வாங்கியபோது 9,999. அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த பெரிய கம்பெனிதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு மாதத்தில் 1,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். பொதுவாக ஒரு ஜோடிக்கு 500 முதல் 800 வரைதான் சொல்வார்கள். வாரநாளில் செங்கோட்டையிலிருந்து புளியரை போய்த் திரும்புவேன், ஞாயிறு மட்டும் மலை மேல், கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசல் வரை ஏறுவேன். பழைய ஷூவில் அந்த வளைவுகளில் இறங்கி வந்தால் அன்று முழுக்க மாடிப்படி ஏற முடியாது, முட்டி அப்படி எரியும். இந்த ஷூ போட்ட முதல் மாதத்திலேயே அந்த எரிச்சல் போய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை. 43 வயதில் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஈரத்தில் வழுக்குகிறது. அப்படி வழுக்குகிறது.

ஷூவைத் திருப்பிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். குதிகாலில் ரெண்டு, முன்பாதத்தில் மூணு என்று மெல்லிய ரப்பர் பட்டைகள், நடுவில் எல்லாம் வெறும் வெள்ளை ஃபோம். மார்ச், ஏப்ரலில் இது ஒரு குறையாகவே தெரியாது. ஜூனில் சாரல் பிடித்ததும்தான் விஷயமே. எங்கள் ஊருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, வருஷத்தில் பாதி நாள் ரோடு ஈரம். எதிரே கேரளாவுக்குப் போகும் லாரி வந்தால் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல்தான் ஒதுங்க வேண்டும், நனைந்த பெயிண்ட் எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும். போன ஆடியில் புளியரை தாண்டி ஒரு சின்னப் பாலத்தில், பாசி படிந்த இடத்தில் வலது கால் சர்ரென்று போய், உள்ளங்கை ரெண்டும் தார் ரோட்டில் தேய்ந்தது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் அந்தப் பாலத்தில் கால் வைக்கும்போது நினைக்கிறேன்.

கோபம் எதற்கு என்றால், இன்றைய பெரிய ஷூ கம்பெனிகள் சிலவற்றின் கதையே பிடிமானத்தில் ஆரம்பித்ததுதான். கிஹாச்சிரோ ஒனிட்சுகா 1949ல் ஜப்பானின் கோபே நகரில் கம்பெனி தொடங்கியதும் எடுத்த வேலை கூடைப்பந்து ஷூ. ஓடி வந்து சட்டென்று நிற்க வேண்டும், சறுக்கக் கூடாது. வழி தெரியாமல் தவித்தவர், வெள்ளரிக்காயோடு கிண்ணத்தில் இருந்த ஆக்டோபஸ் துண்டின் உறிஞ்சு குழிகளைப் பார்த்து அதே மாதிரி அடியில் குழி வைத்தார். முதலில் பிடிப்பு அதிகமாகி ஆட்டக்காரர்கள் விழுந்தார்கள், அப்புறம் குழியின் ஆழத்தைக் குறைத்தார். அந்தக் கம்பெனிதான் 1977ல் வேறு ரெண்டு கம்பெனிகளோடு சேர்ந்து ஆசிக்ஸ் ஆனது. அவருடைய டைகர் ஷூக்களை 1964 முதல் அமெரிக்காவில் விற்றவர்கள் ஃபில் நைட்டும் கோச் பில் பவர்மேனும். அவர்கள்தான் பிறகு நைக்கி. அந்தப் பவர்மேனும் 1971ல் வீட்டில் வாஃபிள் என்ற கட்டம் கட்டமான பலகாரம் சுடும் இரும்பு அச்சில் ரப்பர் மாதிரி ஒரு கலவையை ஊற்றித்தான் புது சோல் செய்து பார்த்தார். ரெண்டு பேருக்குமே யோசனை சாப்பாட்டு மேஜையில் வந்தது, ரெண்டு பேரும் யோசித்தது கால் தரையைப் பிடிப்பதைப் பற்றி.

அதற்கப்புறம் பேச்செல்லாம் மெத்தைக்குப் போய்விட்டது. நைக்கியின் ஏர், ஆசிக்ஸின் ஜெல், 2013ல் அடிடாஸின் பூஸ்ட், 2017ல் கார்பன் தகடு வைத்த நைக்கியின் வேப்பர்ஃபிளை. கடைசியில் ரோட்டுப் போட்டியில் ஓடும் ஷூவின் சோல் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பே 2020ல் விதி போட வேண்டியதாயிற்று. என் முட்டியைக் காப்பாற்றியது கம்பெனிகளின் இந்த மெத்தைப் போட்டிதான், அதை மறுக்கவில்லை. ரப்பரைக் குறைத்தால் எடை குறையும், அதனால் குறைக்கிறார்கள், அதுவும் புரிகிறது. ஆனால் அடிடாஸ் சில ஷூக்களுக்கு கான்டினென்டல் என்ற டயர் கம்பெனியின் ரப்பரைப் போடுகிறதே, மனசு வைத்தால் முடியும் என்றுதானே அர்த்தம்? மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வழியெல்லாம் ரப்பர் தோட்டம், வீட்டு முற்றத்துக் கயிற்றில் ரப்பர் ஷீட் துணி மாதிரி காய்கிறது. அந்த ரோட்டில் என் ஷூவின் அடியில் ரப்பர் போதவில்லை.

விழுந்த மறுவாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். சோலை விரலால் அழுத்திப் பார்த்தார். "இது பஞ்சுல்லா, இதுல எப்படி நிக்கும்?" என்றார். பழைய பட்டைகளைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மிருதுவான ரப்பர் ஷீட்டில் நாலு துண்டு வெட்டி, குறுக்கே கத்தியால் கோடு கீறி ஒட்டினார். ஒரு ராத்திரி முழுக்கக் கல்லை வைத்து அழுத்தி வைத்திருந்தார். 150 ரூபாய். ஷூ கனத்துவிட்டது, முன்பக்க ஓரம் மூணாவது வாரத்தில் லேசாகக் கிளம்பி மறுபடி ஒட்ட வேண்டி வந்தது. ஆனால் அதே பாலத்தில், அதே பாசியில், கால் நிற்கிறது.

அதனால் தம்பி, வாங்காதே. 5,999க்கும் வேண்டாம். ஐ.சி.ஐ. ஸ்கூல் மைதானத்தில் ஓடுகிறவனாக இருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன், நீ குற்றாலம் ரோட்டில் ஓடுகிறவன். கடையில் ஷூவை எடுத்ததும் திருப்பிப் பார், நகத்தால் ரப்பரைக் கீறிப் பார், முடிந்தால் நனைந்த டைல்ஸில் ஒரு நடை நடந்து பார். நான் என் ஜோடியைக் கிழியும் வரை போடத்தான் போகிறேன். இந்த முட்டிக்கு இதைவிட நல்ல ஷூ இதுவரை கிடைக்கவில்லை.