4 ஜிபி என்று விற்ற கிராஃபிக்ஸ் கார்டு: பழைய கார்டு வாங்குபவர்கள் கவனிக்கவும்

பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்களுக்குப் போனது 9,300 ரூபாய். அதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று: ஒரு பையனை மூன்று வாரம் காரணமே இல்லாமல் திட்டித் தீர்த்தேன்.

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். ஜிடிஏ 5 என்கிற கம்ப்யூட்டர் கேம் விளையாட வேண்டுமென்று ரொம்ப நாளாக ஆசை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில், 4 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். ஜிஎஸ்டி பில் கேட்டேன். "பழைய பொருளுக்கு எதுக்கு சார் பில், ஒரு மாசம் கடை வாரண்டி இருக்கு" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளையும் அவர்களே போட்டுவிட்டு, "இதை அப்டேட் பண்ணிடாதீங்க" என்றார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டில் கேம் ஓடியது, ஆனால் நிலைக்கவில்லை. பத்து நிமிடத்தில் திரையெல்லாம் வண்ணச் சதுரங்கள், அப்புறம் நீலத் திரை, ரீஸ்டார்ட். பையன் கண்டதையும் டவுன்லோடு செய்துவிட்டான் என்று நினைத்தேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். கேம் ஃபைல்களைச் சரிபார்த்தோம். மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டோம், ரேமில் ஒரு பிழையும் இல்லை. சூடும் 70 டிகிரியைத் தாண்டவில்லை. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் மட்டும், டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை என்கிற 4101 எண் பதிவு திரும்பத் திரும்ப வந்தது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அரை நிமிடம் பார்த்துவிட்டு, "எஸ்எம்பிஎஸ் பவர் பத்தலை" என்று, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் அந்தப் பெட்டியை 2,800 ரூபாய்க்குப் புதிதாக மாட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் மறுபடி அதே நீலத் திரை.

உண்மையைப் பிடித்தவன் பையன்தான். "மாமா, டெக்ஸ்சரை நார்மல்ல வச்சா அரை மணி நேரம் ஓடுது, கூட்டினா உடனே போயிடுது" என்றான். டெக்ஸ்சர் என்பது கேமில் பொருள்களின் மேல் ஒட்டப்படும் படங்கள், கார்டின் மெமரியை நிரப்பும் விஷயம். அந்த கேமின் கிராஃபிக்ஸ் செட்டிங்கிலேயே எவ்வளவு மெமரி ஆகும் என்று ஒரு கோடு காட்டும். 4096 எம்பியில் பாதிகூட நிரம்பாதபோதே விழுந்துகொண்டிருந்தது. இந்தக் கார்டுகளின் சிப்பைத் தரும் நிறுவனமான என்விடியாவின் தளத்திலிருந்து புது டிரைவர் எடுத்துப் போட்டுப் பார்த்தோம். பொருத்தமான கார்டே இல்லை என்று சொல்லி இன்ஸ்டால் ஆக மறுத்தது.

அப்புறம்தான் ஜிபியு-இசட் என்கிற இலவச மென்பொருளை ஓட்டினோம். 2018-லிருந்தே அது போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. கார்டின் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டியது. உள்ளே இருந்தது ஜிஎஃப்116 சிப், அதாவது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. கணக்குப் போடும் கோர்கள் 768 இருக்க வேண்டிய இடத்தில் 192. மெமரி 1 ஜிபி. கார்டின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ, 4 ஜிபி என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். இல்லாத மெமரியில் கேம் எழுதப் போகும்போதெல்லாம் எல்லாம் சேர்ந்து விழுந்திருக்கிறது. அந்த வரிசைச் சிப்களுக்கு என்விடியா 2018-லேயே புது டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. அப்டேட் செய்யாதே என்று கடைக்காரர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது.

கார்டின் பின்புறம் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தது. 1050 டிஐ சிப்பிலிருந்து விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது. பழைய மானிட்டருக்கு வசதி என்று நாங்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். உங்களிடம் அப்படி ஒரு கார்டை நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். மற்ற கார்டுகளுக்கு, பென் டிரைவில் ஜிபியு-இசட் எடுத்துப் போய், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஓட்ட விடமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். அதே தெருவில் தாங்களே சோதித்துக் காட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "நாங்களும் வாங்கித்தானே விக்கிறோம்" என்று கையை விரித்தார்கள். நல்லவேளையாகப் பணத்தை யுபிஐயில் கட்டியிருந்தேன். அந்தப் பதிவையும், துண்டுச் சீட்டையும், ஜிபியு-இசட் படத்தையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இதைக் கடையில் போய்ச் சொன்ன மறுநாள் 6,500 ரூபாய் திரும்ப வந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாங்கிய 2,800 இன்னும் வரவில்லை. புகாரை நான் மூடவும் இல்லை.